பழைய கணினிக்குள் ஒரு பினாங்கு

பத்து ஆண்டு ஓடிய மேசைக் கணினி ஒன்றின் பக்கத் தகட்டைக் கழற்றினால் முதலில் கண்ணில் படுவது தூசிதான். நம் நாட்டு ஈரக் காற்றில் அது பஞ்சாகத் திரண்டு காற்றாடியை அடைத்துக்கொண்டிருக்கும். அதைத் தட்டிவிட்டு, காற்றாடியை எடுத்து, அடியில் காய்ந்து கிடக்கும் பசையைத் துடைத்துப் பார்த்தால் ஒரு சதுர வில்லை தெரியும். கணினியின் மூளை என்று சொல்கிறோமே, அந்தச் செயலி அதுதான். 1990களில் உலகச் சந்தைக்குப் போன இன்டெல் செயலிகள் பலவற்றின் மேல் ஆங்கிலத்தில் ஐந்தே எழுத்துகள் பொறித்திருக்கும்: ‘மலாய்’. அமெரிக்காவிலோ ஜெர்மனியிலோ ஒரு பையன், விளையாட்டு இன்னும் வேகமாக ஓடவேண்டும் என்று தன் கணினியைப் பிரித்தபோது, அவன் விரல்களுக்கு நடுவே இருந்தது நம் நாட்டின் பெயர்.

“அப்பா, கேம் விட்டு விட்டு ஓடுதுப்பா” என்று பிள்ளை சொல்லும். “படிக்கத்தானே வாங்கிக் கொடுத்தோம்?” என்று தகப்பன் கேட்பார். கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால், “இது பழசு, புதுசா ஒன்னு எடுத்துடுங்க” என்பார் கடைக்காரர். மூவர் பேச்சிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஆனால் பழைய கணினியில் எதை மாற்றினால் விளையாட்டு சீராக ஓடும் என்ற கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. அது தெரியாமல் பதில் சொன்னால் பணம்தான் வீண். அந்த வரலாறு பினாங்குக்காரர்களுக்கு, அதிலும் தோட்டத்திலிருந்து வந்த தமிழர்களுக்கு, எங்கோ தூரத்தில் நடந்ததும் அல்ல.

1969இலிருந்து தொடங்கலாம். சுங்கவரி இல்லாத் துறைமுகம் என்ற தகுதி பினாங்கின் கையை விட்டுப் போயிருந்த காலம். கடைத்தெருவில் வியாபாரம் படுத்துவிட்டது. இளைஞர்களுக்கு வேலை இல்லை. அதே காலத்தில்தான் குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்யப் பெர்மிட் வேண்டும் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்து, தோட்டங்களில் இருந்த ஆயிரக்கணக்கான தமிழர்கள் பெட்டி படுக்கையோடு கப்பல் ஏறினார்கள். அவ்வாண்டு மே மாதத் தேர்தலுக்குப் பின் முதலமைச்சரான டாக்டர் லிம் சொங் இயூ, பினாங்கு வளர்ச்சிக் கழகத்தை அமைத்து, துறைமுகத்தை நம்பிய ஊரைத் தொழிற்சாலையை நம்பும் ஊராக மாற்ற முடிவு செய்தார். 1972இல் பாயான் லெப்பாசில் நாட்டின் முதல் சுதந்திர வர்த்தக மண்டலம் திறந்தது. வயல் நிலம் தொழிற்பேட்டை ஆயிற்று.

முதலில் வந்த எட்டு நிறுவனங்களைப் பினாங்கில் ‘எட்டு சாமுராய்கள்’ என்று இன்றும் சொல்வார்கள். அவற்றில் இன்டெல் ஒன்று, ஏ.எம்.டி. ஒன்று. கணினிக் கடையில் ஒன்றுக்கொன்று ஜென்ம விரோதிகளாக விற்கப்படும் இந்த இரண்டு பெயர்களும் பாயான் லெப்பாசில் ஒரே பேட்டையின் அண்டை வீட்டுக்காரர்கள்! இன்டெல் அமெரிக்காவுக்கு வெளியே அமைத்த முதல் தொழிற்சாலை இதுதான். ஐந்து ஏக்கர் நிலம், 16 லட்சம் அமெரிக்க டாலர், சுமார் நூறு பேர் என்று தொடங்கியது. 1975இல் அந்தக் கட்டடம் தீயில் எரிந்து போயிற்று. மூடிவிட்டுப் போயிருக்கலாம், போகவில்லை, மீண்டும் கட்டினார்கள்.

அங்கே நடந்த வேலை என்ன? சிலிக்கான் தகட்டில் மின்சுற்றுகளைப் பதிப்பது அமெரிக்காவில். அந்தத் தகடுகளை நறுக்கி, ஒவ்வொரு துண்டையும் உறையில் உட்காரவைத்து, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியால் இணைத்து, மூடி, சோதித்து அனுப்புவது பினாங்கில். தொடக்க காலத்தில் நுண்ணோக்கியில் கண்ணைப் பதித்து அந்தக் கம்பிகளை இணைத்தவர்கள் பெரும்பாலும் இளம் பெண்கள். மலாய்க் கம்பங்களிலிருந்தும், சீனர் குடியிருப்புகளிலிருந்தும், தோட்டங்களிலிருந்தும் தொழிற்சாலைப் பேருந்தில் வந்தவர்கள். ‘மினா காரான்’ என்று அவர்களைக் கேலி செய்த பேச்சு பலருக்கு நினைவிருக்கும். உலகத்தின் கணினிகளைத் தங்கள் கண் பார்வையைக் கொடுத்து இணைத்தவர்களுக்கு ஊர் கொடுத்த பட்டம் அது. அவர்கள் தேசிய அளவில் ஒரு தொழிற்சங்கம் அமைக்கவும் வெகுகாலம் விடவில்லை. 1988இல் நிறுவனத்துக்குள் மட்டும் சங்கம் என்றார்கள். வட்டார அளவில் சங்கத்துக்கு வழி பிறந்தது 2009இல்தான்.

இந்தப் பக்கம் பெருநிலத்தில், நிபோங் திபாலுக்கு அருகே பைராம் தோட்டம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் செபராங் பிறையின் தென்பகுதி முழுக்கக் கரும்பு. கெலிடோனியா, விக்டோரியா, பைராம் என்று வெள்ளைக்காரப் பெயர்கள். வெட்டியதும் சுமந்ததும் ஒப்பந்தக் கூலிகளாக வந்த தமிழர்கள். ராம்ஸ்டன் என்ற ஆங்கிலேயப் பிரபுக் குடும்பத்தின் உடைமைகள் இந்த வட்டாரத்தில் இருந்தன. இங்கிலாந்தில் யார்க்‌ஷயரில் அந்தக் குடும்பத்துக்கு இருந்த மாளிகையின் பெயரும் பைராம்தான். 1910இல் ஒப்பந்தக் கூலிமுறை முடிவுக்கு வந்தது. கரும்பு போய் ரப்பர் வந்தது, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. இயந்திரத்தின் உள்பாகத்தை மாற்றுவதுபோல் நிலத்தின் பயிரை மட்டும் மாற்றிக்கொண்டே இருந்தார்கள். லயத்து வீடுகள் மட்டும் அப்படியே நின்றன.

தோட்டத்துப் பிள்ளைகள் பாதிப் பேர் பிறையிலும் பாயான் லெப்பாசிலும் தொழிற்சாலைக்குப் போய்விட்ட காலத்தில், தொழிற்சாலையில் செய்த பொருள் திரும்பி வீட்டுக்கே வரத் தொடங்கியது.

1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். தன் தனிநபர் கணினியை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அதன் செயலி இன்டெல் 8088, வேகம் 4.77 மெகாஹெர்ட்ஸ். அந்தப் பெட்டியின் பெருமை வேகத்தில் இல்லை. திருகாணியைக் கழற்றினால் திறக்கலாம்; உள்ளே காலியான துளைப் பட்டைகள் இருக்கும்; யார் செய்த அட்டையையும் அதில் செருகலாம். தொலைக்காட்சிப் பெட்டி பழுதானால் கடைக்குப் போகும். கணினியோ வீட்டிலேயே மேம்படுத்தக்கூடிய சாமானாக ஆயிற்று. இந்த வாசல் வழியாக முதலில் உலகப் புகழ் பெற்றவர்களில் ஒருவர் நமக்குப் பக்கத்து ஊர்க்காரர். சிங்கப்பூரின் சிம் வோங் ஹூ 1981இல் கணினி பழுதுபார்க்கும் சிறு கடையாகத் தொடங்கிய கிரியேட்டிவ் நிறுவனம், 1989இல் சவுண்ட் பிளாஸ்டர் என்ற ஒலி அட்டையை வெளியிட்டது. அதுவரை ‘பீப் பீப்’ என்று மட்டும் கத்திக்கொண்டிருந்த கணினி அதன்பின் இசை பாடியது. 2023 ஜனவரியில் அவர் காலமானார்.

அடுத்து வந்தது 1993 டிசம்பர். ‘டூம்’ என்ற சுடும் விளையாட்டு வெளியாயிற்று. 386 செயலி இருந்தால் ஓடும் என்று சொன்னார்கள். ஓடியது, நொண்டி நொண்டி. 486 வைத்திருந்தவன் வீட்டில் அதே விளையாட்டு வழுக்கிக்கொண்டு ஓடியது. அலுவலகக் கணக்குக்கு 386 தாராளமாகப் போதும். அதை மாற்றச் சொன்னது விளையாட்டு. கணினித் துறைக்குப் பணம் கொண்டுவந்ததில் விளையாட்டுக்கு உள்ள பங்கைப் பெரியவர்கள் ஒப்புக்கொள்வதே இல்லை.

1996இல் ‘குவேக்’ வந்தது. புள்ளி வைத்த எண்களை வேகமாகக் கணக்கிடும் பென்டியத்தின் திறமையை நம்பியே அதன் நிரல் எழுதப்பட்டிருந்தது. மலிவு என்று வேறு நிறுவனச் செயலி வாங்கியவர்கள், மற்ற எல்லா வேலையிலும் குறையில்லாத அந்தச் செயலி இந்த ஒரு விளையாட்டில் மூச்சு வாங்குவதைப் பார்த்து ஏமாந்தார்கள். அதே ஆண்டு 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் வூடூ அட்டை விற்பனைக்கு வந்து கதையையே திருப்பிவிட்டது. படம் வரையும் வேலையைச் செயலியிடமிருந்து பிடுங்கித் தனியாக ஓர் அட்டையிடம் கொடுத்தார்கள். அதற்குப் பின் விளையாட்டின் வேகத்தைச் செயலி மட்டும் தீர்மானிக்கவில்லை. 3டிஎஃப்எக்ஸ் நீண்ட நாள் வாழவில்லை. 2000 டிசம்பரில் அதன் சொத்துகளை வாங்குவதாக அறிவித்த நிறுவனம் என்விடியா.

நம் நாட்டுக்கு இந்தக் கதையில் மிக முக்கியமான நாள் 1998 ஆகஸ்ட் 24. பணநெருக்கடி உச்சத்தில் இருந்தது. அவ்வாண்டு ஜனவரியில் அமெரிக்க டாலருக்கு 4.88 வெள்ளி வரை நம் பணம் சரிந்திருந்தது. ஆகஸ்ட் 24இல் இன்டெல் ஒரே நாளில் இரண்டு செயலிகளை வெளியிட்டது. ஒன்று, 450 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் 2. விலை 669 டாலர். மற்றொன்று, 300 மெகாஹெர்ட்ஸ் செலரான் 300ஏ; விலை 149 டாலர். அடுத்த சில நாட்களில் டாலர் 3.80 வெள்ளியாக நிலைநிறுத்தப்பட்டது. அந்தக் கணக்கில் முதலாவது ஏறத்தாழ 2,540 வெள்ளி, இரண்டாவது சுமார் 566 வெள்ளி. ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு ஒரு தொகை: ஐந்தாண்டு கழித்து, 2003இல், தோட்டத் தொழிலாளர்களுக்கு ஒப்பந்தப்படி உறுதி செய்யப்பட்ட மாதச் சம்பளம் 350 வெள்ளி. ஏழு மாதச் சம்பளத்தை ஒரு வில்லையில் யார் போடுவார்?

ஆனால் ஏழை வீட்டுப் பையன்கள் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார்கள். செலரான் 300ஏயை வாங்கி, தாய்ப்பலகையின் அடிப்படை வேகத்தை 66இலிருந்து 100 ஆக்கினால், அது பெரும்பாலும் எந்தத் தகராறும் இல்லாமல் 450இல் ஓடியது! நாலில் ஒரு பங்கு விலைக்குக் கிட்டத்தட்ட அதே வேகம். இது எப்படிச் சாத்தியம்? இங்கேதான் பாயான் லெப்பாஸ் மறுபடியும் வருகிறது. தொழிற்சாலையில் ஒவ்வொரு சில்லையும் சோதித்து, இது இத்தனை வேகம் தாங்கும் என்று தரம் பிரிப்பார்கள். தயாரிப்பு நன்றாக அமைந்துவிட்டால் பெரும்பாலான சில்லுகள் உயர் வேகத்தைத் தாங்கும். ஆனால் சந்தையில் மலிவுச் சரக்குக்குத்தான் அதிகம் கிராக்கி. ஆகவே நல்ல சில்லின் முதுகிலும் குறைந்த எண்ணையே பொறித்து அனுப்புவார்கள். தங்க நகையில் முத்திரையைக் குறைத்துப் போட்டது போல. அந்த நாளில் வாங்குகிறவர்கள் சில்லைத் திருப்பிப் பார்த்து, மலேசிய முத்திரை உசத்தியா கோஸ்டா ரிக்கா முத்திரை உசத்தியா என்று மணிக்கணக்கில் வாதாடியிருக்கிறார்கள்.

கொம்தாரைச் சுற்றிய கணினிக் கடைகளும், தாமான்தோறும் முளைத்த சைபர் கஃபேக்களும் இந்தக் கலையின் பள்ளிக்கூடங்கள். கவுண்டர் ஸ்ட்ரைக், பிறகு டோட்டா என்று பிள்ளைகள் அங்கேயே கிடக்கிறார்கள் என்று பெற்றோர் புலம்பியது பொய்யல்ல. பள்ளியைக் கெடுத்துக்கொண்டவர்களும் உண்டு. ஆனால் முப்பது கணினிகளையும் குறைந்த செலவில் ஓட வைக்க வேண்டிய கஃபே முதலாளி, எந்தப் பாகத்தை எப்போது மாற்றுவது என்று எந்தப் புத்தகத்தையும்விடத் தெளிவாகக் கற்றிருந்தார். 2013இல் ஆரஞ்ச் என்ற மலேசியக் குழு, டோட்டாவின் உலகப் போட்டியில் மூன்றாம் இடம் பெற்றது.

அவர்கள் கற்ற பாடம் ஒரு வரிதான். எங்கே அடைக்கிறதோ அங்கே மாற்று. தோட்டத்து உதாரணம் சொன்னால் எளிதில் விளங்கும். இருபது பேர் பால்மரம் வெட்டுகிறார்கள். பாலை நிறுத்துக் குறித்துக்கொள்ள ஒரே ஒரு தராசு, ஒரே ஒரு கிராணி. வரிசை நகரவில்லை. இன்னும் இருபது பேரை வெட்ட அனுப்பினால் என்ன ஆகும்? வரிசை இன்னும் நீளும், அவ்வளவுதான்.

விளையாட்டும் அப்படித்தான். திரையில் விநாடிக்கு 60 படங்கள் விழுந்தால் கண்ணுக்குச் சீராகத் தெரியும். ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் 16.7 மில்லி விநாடி. ஒரு படத்துக்கான கணக்கைப் போடச் செயலிக்கு 10 மில்லி விநாடியும், அதை வரைய வரைகலை அட்டைக்கு 25 மில்லி விநாடியும் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். விநாடிக்கு 40 படங்கள்தான் வரும். ஆயிரம் வெள்ளி கொடுத்து இருமடங்கு வேகமான செயலியைப் போட்டாலும் அதே 40தான். வரைகலை அட்டையை மாற்றி 8 மில்லி விநாடிக்குக் கொண்டுவந்தால் 100 படங்கள் வரும். அதற்கு மேல் செயலி தடுக்கும். அடைப்பு எங்கே என்று கண்டுபிடிக்கக் காசு வேண்டாம். விளையாட்டின் அமைப்பில் படத்தின் நுணுக்கத்தைக் குறைத்து ஓட்டிப் பார்க்க வேண்டும். வேகம் கூடினால் குறை வரைகலை அட்டையில். கூடவே இல்லையென்றால் குறை செயலியில். இதைச் செய்யாமல் கடைக்குப் போகிறவர்கள்தான் அதிகம்.

சராசரி வேகம் நன்றாக இருந்தும் நடுநடுவே ‘டக் டக்’ என்று நின்று போனால், அது நினைவகப் பற்றாக்குறையாக இருக்கலாம். நினைவகம் நிரம்பினால் கணினி வன்தட்டிடம் ஓடும். சுழலும் பழைய வன்தட்டு ஒரு தகவலைத் தேடி எடுக்க ஏறத்தாழ 10 மில்லி விநாடி எடுக்கும். ஒரு படத்துக்குரிய நேரத்தில் பாதிக்கு மேல் அந்த ஒரு தேடலிலேயே போய்விடுகிறது. சுழலாத திடநிலை வட்டில் அதே தேடல் சுமார் நூறில் ஒரு பங்கு நேரத்தில் முடியும். விநாடிக்கு எத்தனை படம் என்ற எண்ணை அது உயர்த்தாது. ஆனால் காத்திருப்பையும் திக்கலையும் போக்கிவிடும். பழைய கணினிக்குக் குறைந்த செலவில் புது உயிர் கொடுத்த பாகம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்ல வேண்டும். (அதற்கும் முன்னால், காசே இல்லாத மேம்பாடு ஒன்று உண்டு: தூசியைத் துடைத்து, காய்ந்த பசையை மாற்றுவது. சூடு ஏறினால் செயலி தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பெட்டியைத் திறக்குமுன் மின்கம்பியைப் பிடுங்கிவிட வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை.)

அந்தத் திடநிலை வட்டுகள் எங்கே செய்யப்படுகின்றன? பைராமுக்கு வடக்கே, அதிகத் தொலைவில் இல்லாத பத்து காவானில். அதுவும் ஒரு காலத்தில் தோட்டம்தான். மாரியம்மன் கோயிலும் தமிழ்ப்பள்ளியும் இருந்த இடம். 2014 மார்ச்சில் 24 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டாவது பாலம் பத்து மாவுங்கையும் பத்து காவானையும் இணைத்தது. 2018இல் மைக்ரான் நிறுவனம், திடநிலை வட்டுகளை இணைத்துச் சோதிக்கப் பினாங்கில் 150 கோடி வெள்ளி முதலீடு செய்வதாக அறிவித்தது. 2023 அக்டோபரில் பத்து காவானில் தன் புதிய கட்டடத்தைத் திறந்தது. அப்பனும் பாட்டனும் செம்பனைக் குலை சுமந்த மண்ணில் இப்போது கணினியின் நினைவு பொட்டலமாகிறது. அந்த வாசலுக்குள் நம் பிள்ளைகள் எத்தனை பேர் பொறியாளராகப் போகிறார்கள், எத்தனை பேர் பாதுகாவலராக நிற்கிறார்கள் என்பது வேறு கேள்வி. வீட்டுக் கணினியைத் திறந்து பார்க்கும் துணிச்சலுக்கும் அந்தக் கேள்விக்கும் தொடர்பு இல்லாமல் இல்லை.

இப்போது பழைய கணினிகளுக்கு ஒரு புதுச் சிக்கல் வந்திருக்கிறது. 2025 அக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. அடுத்த விண்டோஸ் 11, ஏறத்தாழ 2017 இறுதிக்கு முந்தைய செயலிகளை ஏற்பதில்லை. அதாவது, நல்ல வரைகலை அட்டையும் திடநிலை வட்டும் போட்டு நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணினிகூட ‘தகுதியற்றது’ ஆகிவிடுகிறது. பாகம் தேய்ந்ததால் அல்ல, பட்டியலில் பெயர் இல்லாததால். வேண்டுவோர் கூடுதல் பாதுகாப்புத் திட்டத்தில் ஓராண்டு தள்ளிப்போடலாம். லினக்ஸ் போட்டால் டோட்டா 2 போன்ற விளையாட்டுகள் இப்போதும் ஓடும். அதற்கெல்லாம் யாராவது வழி சொல்லவேண்டும். இல்லாவிட்டால் பெட்டி குப்பைக்குப் போகும்.

குப்பை எங்கே போகிறது? பினாங்கின் வீட்டுக் குப்பை வந்து சேரும் இடம் புலாவ் புரோங். பைராம் வனக் காப்பகத்துக்குள் அமைந்தது. திறந்தவெளியாகக் கிடந்த அதை 1991இல் முறையான குப்பை நிலமாக்கினார்கள். 2001இல் அடுத்த நிலைக்கு உயர்த்தினார்கள். குப்பை மேட்டுக்கும் மேம்பாடு! 2022 ஜனவரியில் அங்கே தீப்பிடித்து நாள்கணக்கில் புகைந்தது. புகை காரணமாகப் பைராம் தோட்டத் தமிழ்ப்பள்ளி மூடப்பட்டது.

மின்னணுக் கழிவுகளைப் பற்றி நம் நாட்டில் சட்டம் இருக்கிறது. 2005ஆம் ஆண்டின் பட்டியலிட்ட கழிவுகள் விதிமுறைகளில் அதற்குத் தனி எண்ணே உண்டு: 110. பழைய தாய்ப்பலகையில் ஈயம் இருக்கும்; செயலியின் உறையிலும் இணைப்புகளிலும் கொஞ்சம் தங்கமும் இருக்கும், பாயான் லெப்பாசில் யாரோ ஒரு பெண் நுண்ணோக்கி வழியே பார்த்து இணைத்த அதே வகைத் தங்கம். நீக்கிய பாகங்களை எடுத்துக்கொள்ளும் மறுசுழற்சி மையங்கள் பினாங்கில் தீவிலும் பெருநிலத்திலும் உண்டு. கடையில் புது வட்டு வாங்கும்போதே பழையதை அவர்களிடம் ஒப்படைக்க முடியுமா என்று கேட்டுக்கொள்ளலாம். வன்தட்டாக இருந்தால் அதிலிருக்கும் குடும்பப் படங்களை முதலில் நகல் எடுத்துவிட்டு, பிறகு அழித்துவிட்டுக் கொடுக்க வேண்டும்.